நான்கு வளைவு ஒப்பந்தம்

அந்தக் குரங்கு டிபன் பாக்ஸைத் திறந்த அழகைக் குறை சொல்லவே முடியாது. காலித் திறந்தால் மூடி ஒரு பக்கம் போகும், தக்காளிச் சோறு ஒரு பக்கம் போகும். குரங்கு மூடியை மெதுவாகக் கழற்றியது. மோந்து பார்த்தது. மூடியைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்தது. பிறகு ரோட்டோரத் தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் காலித் நின்றான். ஆறாம் வகுப்பு. பதினோரு வயது. ஒரு காலில் மட்டும் ஷூ. இன்னொரு ஷூவைக் குரங்கைப் பார்த்து எறிந்திருந்தான். அது குரங்கின் மேல் படவில்லை. சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போய்விட்டது.

நின்றிருந்த சுற்றுலா வேனிலிருந்து ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோவுல நீங்களும் விழுறீங்க."

காலித் தள்ளி நின்றான். வேறென்ன செய்வது?

குரங்கின் மேல் கோபப்படக்கூட அவனால் முடியவில்லை. பையில் இரண்டு சாக்லேட் துண்டுகளை வைத்துக்கொண்டு கொடைக்கானல் தார் ரோட்டில் தனியாக நடந்தது யார்? அவன்தான். ஊரில் உள்ள குரங்குகளுக்கெல்லாம் பத்திரிகை அடித்துக் கூப்பிட்ட மாதிரி அந்த வாசனை. நேற்றுவரை அந்த இரண்டு துண்டும் மனோஜ்குமாருக்குப் போய்க்கொண்டிருந்தன. மனோஜையும் அவன் படையையும் நேற்று வீட்டுக்கு அனுப்பியது யார்? அதுவும் அவன்தான்.

படை என்றால் ஒரு தகர டப்பா. ஒரு குச்சி.

காலித்தின் வீடு செண்பகனூர் ஓரத்தில் இருந்தது. அவன் அத்தா சம்சுல் ஆலம், கொடைக்கானல் பஜாரில் சாக்லேட் கடை வைத்திருந்தார். எல்லாம் வீட்டிலேயே செய்கிற சாக்லேட். அச்சிலிருந்து எடுக்கும்போது உடைகிற துண்டுகளைக் கடையில் வைக்க முடியாது. அவை வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் காலித், உடைந்த சாக்லேட்டுகளுக்கு மட்டும் குட்டி ராஜா.

மனோஜின் வீடு அதற்குக் கீழே, சரிவில். அவன் அப்பா ராமரும் அம்மா வேலுத்தாயும் மலைப்பூண்டும் கேரட்டும் பயிர் செய்தார்கள். மனோஜ் காலையில் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப முடியும்.

பள்ளிக்கூடம் மேலே டவுனில். அதற்கு இரண்டு வழி. தார் ரோட்டில் போனால் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் வேன், வேனைச் சுற்றிக் குரங்கு. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பிரியும் குறுக்குப் பாதையில் போனால் இருபதே நிமிஷம். தைலமரக் காடு, நான்கு வளைவு. குரங்குத் தொல்லை கிடையாது, ஏனென்றால் அங்கே பிடுங்கித் தின்ன ஒன்றும் கிடைக்காது. ஆனால் காட்டுமாடு உண்டு.

காட்டுமாடு பொல்லாதது இல்லை. அது பாட்டுக்கு மேயும். ஆனால் ஆள் உயரம் இருக்கும். வளைவில் திடீரென்று அதன் முன்னால் போய் நின்றால் அது பயந்துபோகும். அவ்வளவு பெரிய ஒன்று பயந்தால், கஷ்டம் நமக்குத்தான். அதனால் தோட்டத்து ஆட்கள் காட்டு வழியில் போகும்போது, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நின்று தகரம் தட்டுவார்கள். டங், டங், டடங். விரட்டுவதற்கு இல்லை. 'நாங்க வர்றோம், கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க' என்று சொல்வதற்கு. தட்டிவிட்டுச் சற்று நேரம் நின்று, அப்புறம்தான் வளைவில் திரும்புவார்கள்.

மனோஜுக்கு அப்படித் தகரம் தட்டத் தெரியும். காலித்துக்கு அவன் பின்னால் நடக்கத் தெரியும்.

நான்காம் வகுப்பில் ஒருநாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, காலித் இரண்டு சாக்லேட் துண்டுகளை நீட்டினான். அவனுக்குப் பெரிய பெரிய வார்த்தைகள் என்றால் ரொம்ப இஷ்டம்.

"மனோஜ், நாம ஒரு ஒப்பந்தம் போடுவோம். நீ எனக்குப் பாதுகாப்பு. நான் உனக்குத் தினமும் ரெண்டு துண்டு சாக்லேட். நீ ஒரு நாடு, நான் ஒரு நாடு. நாம நட்பு நாடுகள். சம்மதமா?"

மனோஜ் மேலே பார்த்தான். "மழை வரும்போல" என்றான்.

அதுதான் மனோஜ். எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "வெயில் ஏறிடுச்சு" என்பான். "வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று கேட்டால், "அது கெடக்கு" என்பான். ஆனால் சாக்லேட்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். காலித் அதையே கையெழுத்தாக எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம், தினமும் காலையில் காலித் வீட்டு வாசலில் 'டங் டங்' என்று இரண்டு தட்டு விழும். அதுதான் அவர்கள் வீட்டுக் காலிங் பெல். காலித் தோசையின் கடைசித் துண்டை வாயில் திணித்துக்கொண்டு ஓடுவான்.

காட்டுமாடு நிஜமாகவே எதிரில் நின்ற நாட்களும் உண்டு. அப்போது மனோஜ் காலித்தின் கையைப் பிடித்துக்கொள்வான். இரண்டு பேரும் மெல்லப் பின்னால் நகர்ந்து, பெரிய மரமாகப் பார்த்து ஒளிந்து நிற்பார்கள். கோத்த கைகள் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கும்.

காலித்துக்கு வெட்கமாக இருக்கும். 'சே, எப்படி நடுங்குறேன் பாரு. இவனுக்குத் தெரிஞ்சிருக்குமே' என்று நினைப்பான். ஆனால் மனோஜ் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நட்பு, சிவபாக்கியம் டீச்சரின் சமூக அறிவியல் வகுப்பில் கெட்டது. டீச்சர் மேல் தப்பில்லை. பாதிப் பாடத்தைக் கேட்டுவிட்டு, மீதிப் பாதிக்கு ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் மேல்தான் தப்பு. அந்த ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நட்பு நாடுகளுக்குள்ளேயும் மனத்தாங்கல் வரும்" என்றார் டீச்சர். "ஒரு நாடு, 'நான் படை அனுப்பி உன்னைக் காப்பாத்துறேன், நீ எனக்கு என்ன தர்றே?'ன்னு கேக்கும். இன்னொரு நாடு, 'உனக்கு இவ்வளவு பொருள் அனுப்புறேனே, போதாதா?'ன்னு கேக்கும். கொடுக்கல் வாங்கல் நியாயமா இருக்கணும் இல்லையா?"

இதுவரைக்கும் காலித் கேட்டான். இதற்குப் பிறகு டீச்சர் சொன்னதெல்லாம் பனிக்குள் போய்விட்டது.

அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. போன மாதம் பள்ளிக்கூடம் நடந்தது இருபத்திரண்டு நாள். காட்டுமாடு எதிரில் வந்தது இரண்டே நாள். அப்படியானால் இருபது நாள் சாக்லேட் வீண்!

அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டியருகே அவன் தொண்டையைச் செருமினான். "மனோஜ், ஒப்பந்தத்தைத் திருத்தணும். இனிமே மாடு வர்ற நாளுக்கு மட்டும்தான் சாக்லேட்."

மனோஜ் கையிலிருந்த தகரத்தைப் பார்த்தான். "மூணாவது வளைவுல நேத்து புதுச் சாணி கெடந்துச்சு" என்றான்.

"சாணியைப் பத்தி யாருலே கேட்டா? நான் நியாயத்தைப் பத்திப் பேசுறேன். நான் தினமும் பொருள் குடுக்குறேன். நீ என்ன குடுக்குறே? சும்மா நடந்துதானே வர்றே? சாக்லேட்டுக்காகத்தானே எங்கூட வர்றே?"

மனோஜின் இரண்டு காதும் சிவந்தன. குச்சியைக் கால்சட்டைப் பைக்குள் செருகினான்.

"பனி எறங்குது" என்றான். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் காட்டுப் பாதைக்குள் நடந்தான்.

காலித் அன்றைக்குத் தார் ரோட்டில்தான் போனான். பெரிய நாட்டின் மந்திரி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அந்த நெஞ்சு ஒரே ஒரு நாள்தான் நிமிர்ந்திருந்தது. அடுத்த நாள் குரங்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம், ஒற்றை ஷூவோடு வந்த மகனை அம்மா ஜஹனாரா மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்கே?"

"குரங்கு மேல எறிஞ்சேன். பள்ளத்துல விழுந்துருச்சு."

"டிபன் பாக்ஸ்?"

"குரங்குகிட்ட இருக்கு."

"நல்லது. சோறாவது பிடிச்சிருந்துச்சாமா அதுக்கு?" என்றார் அம்மா. பிறகு மெதுவாக, "மனோஜ் எங்கே போனான்?" என்று கேட்டார்.

"அது கெடக்கு" என்றான் காலித். சொல்லி முடித்த பிறகுதான், அது மனோஜின் பதில் என்று அவனுக்கு உறைத்தது.

புதன்கிழமை காலையில் காலித் வழக்கத்தைவிட வெள்ளனே எழுந்தான். தார் ரோட்டில் போக வேண்டுமே, அதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் தோசையைப் பிய்த்துக்கொண்டே காதை மட்டும் வாசலில் வைத்திருந்தான். வெளியே பனி. மதிலைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

டங் டங்!

காலித் தோசையோடு பாய்ந்து கதவைத் திறந்தான்.

கேஸ் வண்டிக்காரர் காலி சிலிண்டரைத் தட்டிக்கொண்டு நின்றார். "என்ன தம்பி, இவ்வளவு ஆசையா ஓடி வர்றீங்க? சிலிண்டர் வேணுமா?"

"வேணாம்ணே."

"அப்ப தோசையாவது குடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

காலித் வாசலிலேயே சற்று நேரம் நின்றான். சிலிண்டர் சத்தம் கனமாக இருந்தது. தகரத்தின் சத்தம் அப்படி இருக்காது. முதல் தட்டு கொஞ்சம் தயங்கும். இரண்டாவது தட்டுதான் தைரியமாக விழும். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தும், அது இன்றைக்குத்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் மனோஜ் கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்தான். அதுவும் வந்த பிறகுதானே உட்கார முடியும்? செவ்வாய்க்கிழமை மணி அடித்த பிறகு வந்தான். புதன்கிழமையும் தாமதம். வியாழக்கிழமையும் வாசலில் வந்து நின்றான்.

"ஏன் லேட்?" என்றார் சிவபாக்கியம் டீச்சர்.

"பனி டீச்சர்."

"பனி ஊருக்கே பொதுவாத்தானே பெய்யுது? மத்தவங்க எல்லாம் எப்படி வந்தாங்க?"

மனோஜ் தன் செருப்பைப் பார்த்தான்.

"நாளைக்கும் லேட்டா வந்தே, அப்பாவைக் கூட்டிட்டுத்தான் உள்ளே வரணும்" என்றார் டீச்சர்.

காலித்துக்குப் புரியவில்லை. குறுக்குப் பாதை இருபது நிமிஷம்தானே? இவனுக்கு என்ன ஆச்சு?

சாப்பாட்டு நேரத்தில் முன் பெஞ்சு ஸ்வேதா திரும்பினாள். மனோஜ் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. காலையில் அவளை அவள் மாமா பைக்கில் கொண்டுவந்து விட்டுவிடுவார். வழியில் பார்த்ததையெல்லாம் அவள் சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிடுவாள்.

"காலித், சேதி தெரியுமா? மனோஜோட அப்பா ஸ்கூலுக்கு வந்தா அவ்வளவுதான். ஒட்டன்சத்திரத்துல பெரியப்பா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவாங்க. அங்கே ஸ்கூல் வீட்டுக்கு எதிர்லயே இருக்காம். போன வருஷமே அந்தப் பேச்சு வந்துச்சு. மனோஜ்தான் போக மாட்டேன்னு அழுதான்."

காலித்தின் கையிலிருந்த சோறு கையிலேயே இருந்தது.

ஒட்டன்சத்திரம் மலைக்குக் கீழே இருக்கிறது. பஸ்ஸில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அங்கே தகரம் தட்டினால் இங்கே எப்படிக் கேட்கும்?

"ஸ்வேதா, உன் சமூக அறிவியல் நோட்டைக் கொஞ்சம் குடேன். திங்கட்கிழமைக்கு முந்தின பாடம். எனக்குப் பாதிதான் இருக்கு."

"பாதியாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்வேதா கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தான். பாடத்தின் கடைசியில் வீட்டுப்பாடம் இருந்தது. 'உங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு என்னென்ன போகிறது? அங்கிருந்து உங்களுக்கு என்னென்ன வருகிறது? நடுவில் கோடு போட்டு எழுதுக.'

காலித் கோடு போட்டான். 'போவது' என்ற பக்கத்தில் உடனே எழுதினான்: 'சாக்லேட், இரண்டு துண்டு.'

'வருவது' என்ற பக்கத்தில் 'தகரம்' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தான்.

"ஏலே காலித்!" அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "இன்னைக்கு ரசத்துல பூண்டு இருக்காது. பிறகு உங்க அத்தாவோட சேர்ந்துகிட்டு மூஞ்சியைச் சுளிக்காதே."

"ஏன்?"

"தீர்ந்துபோச்சு."

"கடையில வாங்கலாமே?"

"நம்ம வீட்டுல பூண்டு கடையில வாங்கி எத்தனை வருஷம் ஆகுது! வேலுத்தாய்தான் மனோஜ்கிட்ட கொடுத்து விடும். மந்திரி அய்யா படையைத் திருப்பி அனுப்பிட்டீங்க, அதோட பூண்டும் போயிருச்சு."

காலித் அடுப்படி வாசலுக்கு வந்தான். "அதுக்கு நாம என்ன குடுப்போம்?"

"பெருநாளைக்குப் பிரியாணி. நடுவுல ஏதாவது பலகாரம் செஞ்சா ஒரு தூக்குல போகும். செய்யாட்டி இல்ல."

"அது சரியா வருமா? யாரு கூட, யாரு குறைச்சல்?"

"அதையெல்லாம் நானும் பார்க்கல, வேலுத்தாயும் பார்க்கல. எங்களுக்கு வேற சோலி இருக்கு" என்று அம்மா வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டார்.

காலித் திரும்பி வந்து 'பூண்டு' என்று எழுதினான். எழுதியதும் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தன. பேரிக்காய்க் காலத்தில் பை நிறையப் பேரிக்காய். மரத்தக்காளி. மழைக்காலத்தில் காலித்தின் காலுறைக்குள் ஏறிய அட்டையை மனோஜ் உப்பு வைத்து எடுத்தது. அப்போது காலித் போட்ட கூச்சலை யாரிடமும் சொல்லாதது. காலித்துக்குக் காய்ச்சல் வந்த வாரம், ஒப்பந்தப்படி வரவே வேண்டாத அந்த வாரம், தினமும் வாசலில் 'டங் டங்' என்று தட்டிவிட்டுப் போனது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் போதவில்லை. கோட்டைத் தாண்டி எழுதினான். கடைசியில் கோட்டையே அழித்துவிட்டான்.

அந்த 'டங் டங்' மட்டும் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, எட்டு மணிக்கு முன்னாலேயே காலித் கிளம்பிவிட்டான். காலில் பழைய செருப்பு. ஒரு கையில் அத்தா கடையின் காலிக் கோகோ டப்பா. இன்னொரு கையில் சாக்லேட் கிளறுகிற மரக்கரண்டி. பையில் சாக்லேட் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தான். குரங்குக்குப் பயந்து இல்லை. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

"கரண்டி எங்கே போகுது?" என்றார் அம்மா.

"படையெடுப்பு."

"முழுசாத் திரும்பி வரணும். கரண்டியைச் சொன்னேன்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பனி திரண்டு நின்றது. அதற்குள் ஒரு சின்ன உருவம், தகர டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தது. பாதைக்குள்ளும் போகவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.

"மனோஜ்!"

உருவம் திடுக்கிட்டுத் திரும்பியது.

"இங்கே எதுக்கு நிக்கிறே?" என்று கேட்டான் காலித்.

"ஷூ கயிறு அவுந்துருச்சு."

காலித் கீழே பார்த்தான். மனோஜின் காலில் செருப்பு. மனோஜும் கீழே பார்த்தான். பிறகு இரண்டு பேரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள்.

"நான் அன்னைக்குப் பேசுனது தப்பு" என்றான் காலித். ராத்திரி படுத்துக்கொண்டு பெரிய பெரிய வார்த்தைகளாக யோசித்து வைத்திருந்தான். ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நீ சாக்லேட்டுக்காக வர்றேன்னு சொன்னேன்ல, அது ரொம்பத் தப்பு. இன்னைக்கு லேட்டாப் போகக் கூடாது நீ. வா, போவோம்."

மனோஜ் கோகோ டப்பாவைப் பார்த்தான். "இது சத்தம் போடுமா?"

காலித் தட்டிக் காட்டினான். டொக்.

"கதவைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றான் மனோஜ். அவன் உதடு ஓரத்தில் சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது.

முதல் வளைவு. டங், டங், டடங். டொக். நின்றார்கள். நடந்தார்கள்.

இரண்டாவது வளைவு. டங், டங், டடங். டொக்.

மூன்றாவது வளைவில் பாதையின் நடுவே சாணி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அதாவது, இப்போதுதான் இங்கே நின்றிருக்கிறது. தகரச் சத்தம் கேட்டு இப்போதுதான் ஒதுங்கியிருக்கிறது. அப்படியானால் அந்த இருபது நாளும்...

'அடப்பாவி, இதைத்தான் அன்னைக்குச் சொன்னானா!' என்று காலித் நினைத்தான். காட்டுமாடு வராத நாள் எல்லாம் சும்மா போன நாள் இல்லை.

நான்காவது வளைவுக்கு முன்னால் தட்டினார்கள். நின்றார்கள். திரும்பினார்கள்.

கொஞ்ச தூரத்தில், பாதையின் குறுக்கே ஒரு தாய் மாடு. அதன் வயிற்றுக்கடியில் ஒரு கன்று. தாய்க்குத் தகரம் கேட்டிருக்கிறது. ஆனால் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. அது முடிக்காமல் எப்படிப் போகும்?

இதற்கு மேல் தட்டக் கூடாது. காலித் கரண்டியைக் கீழே இறக்கினான். மனோஜின் கை அவன் கையைத் தேடி வந்து பிடித்தது. இரண்டு பேரும் மெல்ல, மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு பெரிய தைலமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

கோத்த கைகள் வழக்கம்போலக் கிடுகிடுவென்று நடுங்கின.

காலித் குனிந்து தன் கையைப் பார்த்தான். அவனுக்கும் பயம்தான். ஆனால் அவனுடைய இன்னொரு கை, கரண்டியைப் பிடித்திருந்த கை, சும்மாதான் இருந்தது. ஆடவே இல்லை.

அப்படியானால் நடுங்குவது எது?

அவன் மனோஜைப் பார்க்கவில்லை. பிடியை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

கன்று குடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கடைசியில் தலையைத் தூக்கி, மூக்கை நக்கிக்கொண்டது. தாய் ஒரு தடவை மரத்துப் பக்கம் பார்த்துப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. பிறகு இரண்டும் சரிவில் இறங்கி, பனிக்குள் கரைந்துபோயின.

மேலே, எங்கோ டவுன் பக்கம் பள்ளிக்கூடத்தின் முதல் மணி கேட்டது. வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிஷம். ஐந்து நிமிஷ நடைதான் பாக்கி.

"வெரசா வா" என்று மனோஜ் கையை உருவினான்.

காலித் விடவில்லை. "ஒரே ஒரு கேள்வி. மழை, வெயில், பனி எதுவும் வேணாம். ரெண்டு வருஷமா எதுக்கு எங்கூட வந்தே?"

மனோஜ் வழக்கம்போல மேலே பார்த்தான். மேலே வானமே இல்லை. எல்லாம் பனி. அவனுக்கு உதவ இன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை.

"சாக்லேட் தின்னா எனக்குப் பல்லு கூசும்" என்றான்.

"என்னது? அப்ப ரெண்டு வருஷமா நான் குடுத்தது?"

"அம்மாவுக்கு. தோட்டத்துலேர்ந்து வந்ததும் டீயோட கடிச்சுக்கிடும். நாலு நாளா, 'எங்கடா என் சாக்லேட்டு'ன்னு என்னைப் போட்டு உலுக்குது."

காலித்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "அது சாக்லேட் போன வழி. நான் கேட்டது நீ வந்த வழி."

மனோஜ் தகர டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். ஒரு தடவை செருமினான். பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கேள்வி கேட்டவனின் கண்ணைப் பார்த்தான்.

"தனியா வர எனக்குப் பயம்டா, காலித். இந்த மூணு நாளும் பால்காரர் வர்ற வரைக்கும் தொட்டிகிட்டயே நின்னு, அவரு பின்னாடிதான் வந்தேன். நீ கூட வந்தா எனக்குப் பாதிப் பயம்தான். மீதிப் பாதியை நீ படுவேல்ல?"